தூக்குக் கயிறு குற்றத்தைத் தடுக்குமா?

ஓர் ஊரில் ஒரு சிறுமிக்குக் கொடுமை நேர்கின்றது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிய எழுத்தில் இடுகின்றன. மறுநாள் தெருவெங்கும் ‘தூக்கில் போடு!’ என்னும் கூக்குரல். அடுத்து ஆட்சியாளர் எழுந்து, ‘ஒறுப்பைக் கடுமையாக்குவோம்’ என்கின்றனர். சட்டத்தில் ‘சாவு’ என்னும் சொல் மேலும் ஓரிடத்தில் ஏறுகின்றது. கூடியவர் கலைந்து வீடு திரும்புகின்றனர். குற்றம் நிகழ்ந்த ஊரில் தெருவிளக்கு எரிகின்றதா, காவல்நிலையத்தில் முறையீட்டை வாங்கினார்களா, பள்ளியில் அச்சிறுமி முன்பே சொன்னதை எவரேனும் செவிமடுத்தனரா என்று கேட்க ஆளில்லை. தூக்குக் கயிற்றைக் காட்டியவுடன் எல்லா வினாக்களும் அடங்கிவிடுகின்றன. ஆட்சியாளர்க்கு அக்கயிற்றின் முதற்பயன் இதுவே என்க.

கொலைஞன் உயிர்வாழத் தக்கவனா, தகாதவனா என்பது ஒரு வினா. அவனைக் கொல்வதால் அடுத்த கொலை தடைபடுமா என்பது வேறொரு வினா. முதல் வினாவில் சினமும் துயரும் பேசலாம். இரண்டாம் வினாவில் அவற்றுக்கு இடமில்லை. அது கணக்குப் பார்த்து விடை காணவேண்டிய வினா. தூக்கை வேண்டுவோர் பெரும்பாலும் இரண்டாம் வினாவிற்கு முதல் வினாவின் விடையைச் சொல்லித் தப்பித்துக் கொள்கின்றனர். ஆகலின் ஈண்டு நாம் அவ்விரண்டாம் வினாவையே எடுத்துக் கொள்வோம்.

2012 திசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண் பேருந்தில் வன்புணர்வுக்குள்ளாகி உயிர் துறந்தபின், சட்டத்தைத் திருத்த முன்னாள் தலைமை நடுவர் வருமா தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாடே ‘தூக்கு, தூக்கு’ என்று முழங்கிக் கொண்டிருந்த 2013 சனவரியில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. வன்புணர்வுக்குச் சாவொறுப்பை அது பரிந்துரைக்கவில்லை. ஆனால், அடுத்த மாதமே தில்லி அரசு விரைந்து ஒரு சட்டம் பிறப்பித்து அதில் சாவொறுப்பைச் சேர்த்தது. 2018-இல் பன்னிரண்டு அகவைக்குட்பட்ட சிறுமியரை வன்புணர்வோர்க்கும் அது நீட்டப்பட்டது. 2023-இல் பழைய குற்றவியற் சட்டத்தை நீக்கித் தமிழர் நாவில் நுழையாத வடமொழிப் பெயரொன்றைச் சூட்டிப் புதிய சட்டம் கொணர்ந்தபோது, கும்பற்கொலைக்கும் ஒழுங்கமைந்த குற்றக் கும்பலாற் சாவு நேர்வதற்கும் அவ்வொறுப்பு இடம் பெற்றது. 2025 சனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் பெண்கள், சிறுமியர்க்கெதிரான குற்றங்களின் ஒறுப்புகளைக் கடுமையாக்கி ஒரு திருத்தம் நிறைவேற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சட்டப் பொத்தகத்தில் கயிறு நீண்டுகொண்டே வருகின்றது. குற்றம் அஞ்சி ஒடுங்கிற்றா என்பதை நாள்தோறும் செய்தித்தாள் படிக்கும் எவரும் சொல்லலாம்.

ஏன் ஒடுங்கவில்லை? கொலை செய்வான் யார் என்று எண்ணிப் பாருங்கள். குடிவெறியிலோ, நிலத்தகராற்றிலோ, கணநேரச் சினத்திலோ கையில் அகப்பட்டதை எடுத்து வெட்டுபவன் ஒருவன். அக்கணத்தில் அவனுக்குச் சட்டத்தின் பிரிவும் தெரியாது, தன் பிள்ளைகளின் முகமும் தெரியாது. நாட்கணக்கில் திட்டமிட்டுக் கொல்பவன் மற்றொருவன். அவன் அகப்பட மாட்டோம் என்று உறுதியாக நம்புவதனாலேயே திட்டமிடுகின்றான். அகப்படாதவனுக்கு வாழ்நாட்சிறையும் ஒன்றே, தூக்கும் ஒன்றே. தான் செய்வது குற்றமே அன்று, கடமை என்று நம்பிக் கொல்பவன் மூன்றாமவன். தன் உடலிலேயே வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வருபவனுக்கு நீ சாவைக் காட்டி என்ன மிரட்டப் போகின்றாய்? இம்மூவரில் எவனைத் தடுக்கின்றது உன் கயிறு?

தமிழ்நாட்டின் இழிவாகிய சாதிவெறிக் கொலைகளைப் பாருங்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், மக்கள் நடமாடும் சாலையில், காதலித்து மணந்த இணையர் வெட்டப்பட்டனர், இளைஞர் உயிரிழந்தார். 2017 திசம்பரில் திருப்பூர் அறமன்றம் அறுவர்க்குச் சாவொறுப்பு விதித்தது. இனி எவனும் இத்தகைய கொலைக்குத் துணியான் என்று அன்று நம்மவருட் பலர் மகிழ்ந்தனர். 2020 சூனில் சென்னை உயர் அறமன்றம் அப்பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐவர்க்குச் சாவொறுப்பைச் சிறையொறுப்பாக மாற்றியது. தீர்ப்பு மாறுமுன்னும் சரி, மாறியபின்னும் சரி, சாதிவெறிக் கொலை நின்றதா? 2025 சூலையில் பாளையங்கோட்டையில் பட்டியலினத்து இளம்பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப் பெற்றவன் ஓடி ஒளியவில்லை. தானே காவல்துறையிடம் சென்று ஒப்புக்கொடுத்தான். தன்னைத் தானே ஒப்படைக்கும் ஒருவனைக் கயிற்றின் அச்சம் தடுத்திருக்கும் என்று எப்படி நம்புவது? சாதிவெறியனுக்குத் தன் ஊரில், தன் உறவில், தன் கட்சியில் கிடைக்கும் பாராட்டே ஊக்கம். அந்தப் பாராட்டைத் தடுக்கத் துணியாத அரசு தூக்குமரத்தை நட்டு என்ன பயன்?

இனிக் கணக்கிற்கு வருவோம். தொலைநாடு எதற்கும் போகவேண்டா. நம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அடங்கியிருந்த திருவிதாங்கூரையே பார்ப்போம். அங்கே 1944-இல் மன்னராட்சி சாவொறுப்பை நீக்கிற்று. பின்னர் அந்நாடு இந்தியாவுடன் இணைக்கப்பட்டு, இந்தியக் குற்றவியற் சட்டம் அங்கும் பரவவே, தூக்குமரம் திரும்பி வந்தது. எவரும் ஆய்வுக்கென்று ஏற்படுத்தாமல் தானாக அமைந்த ஆய்வுக்களம் இது. மக்கள் அவர்களே, நிலமும் அதுவே, வறுமையும் சாதியும் அவையே, மாறியது கயிறு ஒன்றே. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கு நிகழ்ந்த கொலைகள் 962. தூக்கு மீண்ட 1950 முதல் 1955 வரை நிகழ்ந்தவை 967. ஐந்து கொலை கூடிற்று என்பதால் தூக்கு கொலையை வளர்த்தது என்று யாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எதிர்த்தரப்பாரின் பிழையைத் திருப்பிச் செய்வதாகும். கயிறு இருந்தாலும் ஒன்றே, இல்லாவிடினும் ஒன்றே என்பதுதான் அக்கணக்கு சொல்வது. (அரசு மக்களைக் கொல்வதற்குத் தூக்குமரம் ஒன்றே வழியன்று என்பதையும் அம்மண் கண்டது. தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடிய தமிழரைத் துமுக்கியாற் சுட்டு வீழ்த்தியது 1954 ஆகத்தில். அது வேறொரு கட்டுரைக்குரியது.)

இந்தியா முழுமைக்கும் பாருங்கள். 1992-இல் இலக்கம் மக்களுக்கு 4.6 கொலைகள் நிகழ்ந்தன. 2022-இல் அது 2.1. பாதிக்கும் கீழே இறங்கிய அந்த முப்பதாண்டுகளில் தூக்கு பெருகிற்றா? அரிதாயிற்று. 2001 முதல் 2020 வரையிலான இருபதாண்டுகளில் தூக்கிலிடப்பட்டோர் எண்மர். அவற்றுள்ளும் 2004 ஆகத்து முதல் 2012 நவம்பர் வரை எட்டாண்டுகளுக்கு மேலாக ஒருவர்கூடத் தூக்கிலேறவில்லை. கொலை விகிதம் அக்காலத்தும் ஏறவில்லை. தமிழ்நாட்டிலோ 1995-இல் சேலம் சிறையில் நிகழ்ந்ததே இறுதித் தூக்கு. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டுச் சிறைகளில் தூக்கு நிகழவில்லை. தூக்கு இல்லையேல் கொலை பெருவெள்ளமாகப் பாயும் என்றவர்கள் அவ்வெள்ளத்தை எங்கே காட்டுவர்?

கனடா 1976-இல் சாவொறுப்பை நீக்கியது. அதற்கு முந்திய ஆண்டு இலக்கம் பேருக்கு மூன்று என்ற அளவில் இருந்த கொலை, 2003-இல் இரண்டுக்கும் கீழே போயிற்று. ஆங்காங்கு 1966-இற்குப்பின் எவரையும் தூக்கிலிடாமல் 1993-இல் அதனைச் சட்டத்திலிருந்தும் நீக்கியது. சிங்கப்பூரோ 1994 ஓராண்டில் மட்டும் எழுபதின்மர்க்கு மேல் தூக்கிலேற்றியது. இரண்டும் துறைமுக நகரங்கள். இரண்டிலும் சீனர் பெரும்பான்மையர். இரண்டின் முப்பத்தைந்தாண்டுக் கொலைக் கணக்கை ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வு, இரண்டும் ஏறத்தாழ ஒரே வகையாய் ஏறி இறங்கின என்று காட்டிற்று. அச்சிங்கப்பூர்க் கயிறு நம்மவர் கழுத்தையும் விடவில்லை. அறிவுத்திறன் அளவு 69 என்று கணிக்கப்பட்ட மலேசியத் தமிழர் ஒருவர் நாற்பத்து மூன்று கிராமுக்கும் குறைந்த போதைப் பொருளுக்காக 2022 ஏப்பிரலில் அங்குத் தூக்கிலிடப்பட்டார். அறிவுக்குறையுள்ள ஒருவனை அஞ்சவைத்துத் திருத்துவது எப்படி என்று அந்நாட்டரசு இன்றுவரை விளக்கவில்லை.

ஒவ்வொரு தூக்கும் எட்டுக் கொலைகளைத் தடுக்கின்றது என்று 1975-இல் ஓர் அமெரிக்கப் பொருளியலார் கணக்குப் போட்டுக் காட்டியதை நம்மூர்த் தூக்குநேயர்கள் இன்னும் எடுத்துக்காட்டுகின்றனர். அவர்கள் அதற்குமேற் படிப்பதில்லை. 1978-இலேயே அந்நாட்டு அறிவியற் பேரவையின் வல்லுநர் குழு அக்கணக்கு நிற்கத்தக்கதன்று எனத் தள்ளிற்று. 2012-இல் அந்நாட்டு ஆய்வு மன்றத்தின் மற்றொரு குழு, முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வுகளையெல்லாம் அலசி, சாவொறுப்பு கொலையைக் குறைக்கின்றது என்றோ கூட்டுகின்றது என்றோ சொல்ல அவற்றில் ஒன்றும் உதவாது. சட்டம் இயற்றுவார் அவற்றைச் சான்றாகக் கொள்ளவேண்டா என்று கூறிற்று. ஐயப்பாடு இருக்குமாயின் அதன் பயன் யாருக்குச் சேரவேண்டும்? கொல்லுகின்ற கைதான் தன் கொலை பயனுடையது என்பதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டது.

‘எண்மரைத் தூக்கிலிட்டால் எவன் அஞ்சுவான்? எண்ணூற்றுவரைத் தூக்கிலிடு, பின் பார்’ என்பார் உளர். அதனையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குச் சாவே ஒறுப்பு. ஒரு வீட்டில் நாற்பது சில்லிங்கு பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலும் தூக்குத்தான். நேர்ந்தது என்ன? வழக்கைக் கேட்ட சான்றாயத்தார், நெஞ்சு பொறாமல், திருடிய பொருளின் பெறுமானம் முப்பத்தொன்பது சில்லிங்கே என்று தெரிந்தே பொய்யுரைத்து ஆளைக் காப்பாற்றினர். கள்ளக் கையெழுத்துக் குற்றத்திற்குத் தூக்கு இருந்தபோது, பொருளிழந்த வங்கியாளரே 1830-இல் நாடாளுமன்றத்திற்கு முறையிட்டனர். ‘இக்குற்றத்திற்குச் சாவொறுப்பை எடுத்துவிடுங்கள், தூக்கு இருப்பதனாலேயே எவனும் சான்று சொல்ல வருவதில்லை, குற்றவாளிகள் தப்புகின்றனர்’ என்பது அவர்தம் முறையீட்டின் சாரம். கடுமை ஏற ஏற உறுதி குறையும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? குற்றத்தைத் தடுப்பது ஒறுப்பின் கொடுமையன்று, அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே எழுதிவைத்தார்.

இந்த உண்மையை நம் சிறுமியர் வழக்கில் பொருத்திப் பாருங்கள். இந்தியாவில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப் பெற்றவன் அப்பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். தந்தை, சிற்றப்பன், மாமன், அண்டைவீட்டான், ஆசிரியன். வீட்டுக்குள்ளே நடந்த கொடுமையை வெளியே சொன்னால் சொந்தச் சிற்றப்பன் தூக்கில் தொங்குவான் என்று தெரிந்தால், அந்தப் பாட்டி வாய் திறப்பாளா? அந்தத் தாயைத் திறக்க விடுவார்களா? ‘உன்னால் ஓர் உயிர் போகப் போகிறது’ என்று அக்குழந்தையையே குற்றவாளியாக்கி அதன் வாயை அடைப்பர். இன்னொன்றும் உண்டு. வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஒரே ஒறுப்பு என்றால், குற்றஞ் செய்தவன் சான்றாக நிற்கும் ஒரே உயிரை விட்டுவைப்பதில் அவனுக்கு என்ன ஊதியம்? சிறுமியைக் காக்க இயற்றிய சட்டம் அவள் உயிருக்கே உலை வைக்கின்றது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தீர்ப்பு முடிந்த வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவானவற்றிலேயே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. எழுபதின்மர் கையை வீசிக்கொண்டு வெளியேறும் நாட்டில், அகப்பட்டவனுக்குக் கயிறா சிறையா என்று சொற்போர் நடத்துவது எத்துணை இரங்கத்தக்கது!

சரி, அகப்பட்டுக் கயிற்றுக்கு அருகில் போகின்றவர் யார்? சாவொறுப்புப் பெற்ற சிறையாளிகளை நேரிற் கண்டு ஆய்ந்து தில்லிச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களுள் நான்கில் மூவர் வறியவர் என்றும், அதேபோல் நான்கில் மூவர் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட வகுப்பினர், சிறுபான்மைச் சமயத்தார் என்றும் காட்டிற்று. கீழ்மன்றங்கள் விதித்த சாவொறுப்புகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே இறுதிவரை நின்றன. ஏறத்தாழ முப்பதின்மர் குற்றமற்றவரென்றே விடுவிக்கப்பட்டனர். நூற்றுக்கு முப்பது பிழை செய்யும் தச்சனிடம் எவனேனும் கதவு செய்யக் கொடுப்பானா? உயிரைக் கொடுக்கச் சொல்கின்றனர்.

தமிழர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1998 சனவரியில் பூந்தமல்லித் தடா மன்றம், இராசீவ் கொலை வழக்கில் இருபத்தறுவர்க்கு ஒரே நாளில், ஒருவர் விடாமல், சாவொறுப்பு விதித்தது. 1999-இல் உச்ச அறமன்றம் அவர்களுள் பத்தொன்பதின்மரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. மேல்முறையீடு என்னும் ஒரு படி இல்லாதிருப்பின் பத்தொன்பது உயிர்கள் போயிருக்கும். எஞ்சிய எழுவரும் 2022-இல் சிறை மீண்டனர். வடக்கே நிகழ்ந்தது இன்னும் கொடிது. ஒரே கொலைக்காக ஒரே ஒறுப்புப் பெற்ற மூவருள், ஒருவர்க்கு உச்ச அறமன்றமே ஒறுப்பைக் குறைத்தது. ஒருவர் 1981 அக்குதோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் மீண்டும் முறையிட்டதால், 1982-இல் இவ்வேறுபாடு மன்றத்தின் கண்ணிற் பட்டது. தூக்கிலேறியவரை யார் இறக்குவது? 1996-இல் இராசத்தானில் ஒருவரைத் தூக்கிலேற்றிய தீர்ப்பு, முன்னைய பேராயத் தீர்ப்பைக் கருதாது வழங்கப்பட்ட பிழைத் தீர்ப்பென்று அதே உச்ச அறமன்றம் 2009-இல் எழுதிற்று. பதின்மூன்று ஆண்டு கழித்துப் பிழை தெரிந்தது, ஆள் இல்லை.

இதையெல்லாம் எடைபோட்டுத்தான் 2015 ஆகத்தில் இந்தியச் சட்ட ஆணையம், வாழ்நாட்சிறையைவிடச் சாவொறுப்பு மிகுதியாகத் தடுக்கின்றது என்பதற்குச் சான்றில்லை. ஆகலின் அதனை நீக்குக என்றது. 1967-இல் அதே ஆணையம், நீக்கிப் பார்க்கும் நிலையில் இந்தியா இல்லை என்று சொல்லியிருந்தது. அரை நூற்றாண்டிற் கண் திறந்தது, ஆனால் அரைக்கண்தான். ‘பயங்கரவாதம்’ என்று அவர்கள் பெயரிட்ட குற்றங்களுக்கும் நாட்டின்மீது போர் தொடுத்தலுக்கும் மட்டும் கயிறு இருக்கட்டும் என்று விலக்களித்தது. சாவை விரும்பி ஏற்று வருபவனிடம் மட்டும் சாவைக் காட்டு என்பது என்ன ஏரணம்? தடுத்தல் என்னும் கரணியம் முற்றிலும் பொருந்தாத ஒரே இடத்தில் கயிற்றை வைத்திருப்பது, அது குற்றத்தைத் தடுக்கவன்று, ஆட்சியின் சினத்தை ஆற்றவே என்பதைக் காட்டிக்கொடுக்கின்றது.

நம் அன்பர் சிலர் திருக்குறளைக் கையிலேந்தி வருவர். கொடியோரை வேந்தன் ஒறுப்பது பயிர் காக்க உழவன் களை நீக்குவதை ஒக்கும் என்று செங்கோன்மை அதிகாரத்து இறுதிக் குறள் சொல்கின்றதே என்பர். அக்குறளில் ஆசான் ஆண்ட சொல் ஒறுத்தல். கொல்லுதல் என்னும் பொருளை அதற்குள் ஏற்றி உரைத்தவர் பரிமேலழகர். ‘கொலையின்’ என்பதைக் கொலைத்தொழிலிற் கொடியவர் என்று கூட்டிப் பொருள் கொள்ளவும் அக்குறளில் இடமுண்டு. களையென்னும் உவமையால் வள்ளுவர் கொல்லவே சொன்னார் என்று எவரேனும் உறுதியாகச் சாதிப்பாராயின், அவரோடு யாம் சண்டையிடவில்லை. கயிறு கொலையைக் குறைக்கின்றதா என்பது உரைவேற்றுமையால் முடிவாகும் செய்தியன்று. ஆனால் ஒன்று கேட்போம். உசாவாமல் விதித்த ஒரு சாவொறுப்பால் ஒரு வேந்தனும் ஒரு நகரும் அழிந்த கதையைத் தன் முதற்காப்பியமாகக் கொண்ட மொழி உலகில் வேறு எது? கோவலனைக் கொன்றபின் மதுரையில் திருட்டு ஒழிந்தது என்று இளங்கோ எழுதவில்லை.

மகளை இழந்த தாய், ‘அவனைக் கொல்லுங்கள்’ என்று கதறுவாளாயின், அவளோடு சொற்போரிட எமக்கு நாவெழாது. அவள் கேட்பது பழி. அதனைக் கேட்க அவளுக்கு உரிமையுண்டு. ஆனால் அவள் கண்ணீரைத் தன் சட்ட முன்வரைவுக்கு மையாக்கிக் கொள்ளும் ஆட்சியாளனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அத்தாய்க்குக் கடன்பட்டது வேறு. முறையீடு செய்த அன்றே பதிவு. குருதியும் துணியும் கெடுமுன் ஆய்வகத்தில் சோதனை. ஆளைப் பார்த்து வளையாத காவலர். சான்று சொல்ல வந்தவர்க்குப் பாதுகாப்பு. ஆண்டுக்கணக்கில் இழுபடாத உசாவல். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும், தன் கட்சிக்காரன் மேலேயே கைவைக்கும் நெஞ்சுரம் வேண்டும். கயிற்றுக்கு ஒன்றும் வேண்டா. சட்டத்தில் ஒரு சொல் போதும்.

2011 ஆகத்து 30-ஆம் நாள், மூன்று தமிழர் தூக்குமேடைக்குப் போக நாள் குறித்திருந்த வேளையில், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கட்சி வேறுபாடின்றி எழுந்து, அவர்களின் அருள் வேண்டுகையைக் குடியரசுத் தலைவர் மீளவும் ஆய்ந்து ஒறுப்பைக் குறைக்கவேண்டுமென்று தீர்மானம் இயற்றிற்று. அன்று நம் தெருக்களில் எழுந்த குரல் அம்மன்றத்துக்குள் எட்டியது. அதே மன்றம்தான் 2025-இல் சாவொறுப்பையும் தாங்கிய திருத்தத்தை நிறைவேற்றியிருக்கின்றது. இரண்டையும் கைதட்டி வரவேற்றவர் நம்மிடையே உளர். வரும் தேர்தலில் வாக்குக் கேட்டு வாயிலில் நிற்போரிடம், இவ்விரண்டில் எது உங்கள் கொள்கை என்று அவர்கள் கேட்கட்டும். விடையை எழுத்திலும் வாங்கட்டும்.